ஏமாறக் காத்திருந்தேன்

எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ரகம் நான். ஈப்போ டவுனை ஒட்டிய சிலிபினில் வளர்ந்தவள், தோட்டத்து வழக்கம் ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி ரப்பர் தோட்டத்து வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரருக்கு அது புரிந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில நீ பெரட்டுக்குப் போவணும்லா. புதுப் பொண்ணு அங்க நின்னு பேர் குடுக்கலன்னா வீட்டுக்குத் தண்ணி விட மாட்டாங்க" என்றார்.

பெரட்டு என்றால், விடியும் முன் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகையோடு, ரப்பர்ப்பால் வாளி வைத்திருந்த பெண்களுக்கு நடுவில் போய் நின்றேன். பேர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்து, "பால்மரம் வெட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "தண்ணிக்காக வந்தேங்க" என்றேன். லாரியில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்தான். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. மறுவாரமே வேறொன்றை நம்பினேன்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. செமோரில் ஒரு தாமானில், வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம். போன வருஷம் ஈப்போவில் டாக்டர், அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்றார். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இப்போது எல்லாவற்றையும் நம்புகிறவர் அவர். எங்கள் மகள் விளையாட்டாக, "அப்பா, பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டியோட பூன தமிழ் பேசுதாம்" என்றாள். வேலியோரம் நாற்காலி போட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். மகள் சிரித்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அவளைக் கண்டிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, மனசு அவ்வளவு மரத்துக் கிடந்தது. ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். இன்னும் ஒரு தடவை அவர் என்னை ஏமாற்ற வேண்டும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உக்காருங்க. வீட்டுக்காரி பசாருக்குப் போயிருக்கா. இப்ப வந்துருவா."

முகத்தில் சிரிப்பே இல்லை. கதை விடும்போது அவர் எப்போதும் அப்படித்தான். என் மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். "ஒங்கப்பா ஆரம்பிச்சிட்டாருடி, ஓடியா!" என்று மகளைக் கூப்பிட்டேன். "பசாருக்குப் போனவ அழகா இருப்பாளா?" என்று அவரிடமே கேட்டுச் சத்தமாகச் சிரித்தேன்.

"நல்லா இருப்பா" என்றார். எனக்காக நாற்காலியை நகர்த்திப் போட்டார். பிறகு மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க எந்த வீடு, அக்கா?"

மகள் வாசலில் வந்து நின்றாள். நான் உட்கார்ந்தேன்.

"பக்கத்து வீடு" என்றேன்.

நம்பிவிட்டார்.