ரிடையர் ஆகாத ரப்பர் சீல்

போன வாரம் ஒரு பிரசங்கம் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் அருப்புக்கோட்டை சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு — 'உத்தமம்'. நானேதான் எடுத்தேன். 'அடக்கம்' என்று எடுத்தால் வீட்டிலேயே சிரிப்பார்கள்.

விஷயம் சுவாரஸ்யமானது. ஆதிக் கிறிஸ்தவக் கடிதங்களில் ஒரு பெரியவர், தான் பெறாத ஒரு வாலிபனை உத்தமமான பிள்ளை என்கிறார். 'உத்தமம்' என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், அந்தக் காலத்தில் சட்டம் பேசுகிறவர்களின் வார்த்தை. முறையான கல்யாணத்தில் பிறந்தவன், சொத்துக்கு வாரிசு என்று அர்த்தம். பெரியவர் அதைக் கோர்ட்டிலிருந்து தூக்கி வந்து குணத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஆஹா, என்னமா எழுதுகிறோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது காலிங் பெல். வாசலில் சுலைகா.

வீரசோழத்துப் பெண். பிளஸ் டூ வரை என் பள்ளியில் படித்தவள், இப்போது நர்ஸிங் முடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பம் கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். சர்டிபிகேட் ஜெராக்ஸில் அட்டெஸ்டேஷன் வேண்டும்.

"சார், நீங்க இன்னும் கையெழுத்துப் போடலாம்ல?"

"தாராளமா போடலாம்மா."

இங்கே ஒரு சின்னத் தகவல். நான் தலைமையாசிரியர் வேலையிலிருந்து ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அட்டெஸ்ட் பண்ணும் அதிகாரம் அன்றைக்கே போய்விட்டது. பச்சை மைப் பேனாவும் ரப்பர் சீலும் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டன. எதற்கு? "சார் இருக்காகளா?" என்று யாராவது தேடி வர வேண்டுமே... வேறு எதற்கு?

அவள் ஒரிஜினல்களை நீட்டினாள். "அதெல்லாம் எதுக்கும்மா, உன்னைய எனக்குத் தெரியாதா?" பெருந்தன்மையாம். ஒப்பிட்டுக்கூடப் பார்க்காமல் எட்டுத் தாளிலும் 'உண்மை நகல்' — கையெழுத்து, சீல், புதன்கிழமைத் தேதி. அவளை அனுப்பிவிட்டு மறுபடி உத்தமத்துக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன். "சார்... விண்ணப்பம் வாங்குற ஆபீஸ்ல இருந்து பள்ளிக்கூடத்துக்குப் பேசியிருக்காக. நீங்க ரிடையர் ஆயிட்டீகன்னு சொல்லிட்டாகளாம். அஞ்சு மணிக்குள்ள வேற கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்றாக."

கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளை. அவள் வேலை என் பவுசால் போகப் பார்க்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு ஓடினேன்.

இப்போதைய ஹெச்.எம். என்னிடம் ஜூனியராக இருந்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு ஒரிஜினலையும் புது நகலையும் வரி வரியாக ஒப்பிட்டார். முழுசாக நாற்பது நிமிஷம்; அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். நான் முன்பு உட்கார்ந்த நாற்காலிக்கு எதிரே, கைகட்டி நின்றேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நாலே முக்காலுக்கு ஆபீஸில் கிளார்க் தாள்களை வாங்கிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. வெளியே டீக்கடையில் மெதுவாகக் கேட்டேன், "என்னையப் பத்தி உள்ள என்னம்மா சொன்ன?"

"சார் சர்வீஸ்ல இருக்கையில போட்டுக் கொடுத்த பழைய காப்பி, நான்தான் தெரியாம வச்சுட்டேன்னு மத்தியானமே சொல்லிட்டேன் சார். உங்க பேரு கெடக்கூடாதுல்ல."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். எனக்கு என்ன உறவு இவள்? வேலை ஊசலாடுகிற நேரத்தில், என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கோ, புதன்கிழமை அவள் கேட்டபோது 'நான் ரிடையர் ஆயிட்டேம்மா' என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

இதை முழுங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மைக் பிடிக்க முடியுமா? திரும்பப் படியேறிப் போய் அந்தக் கிளார்க்கிடம் சொன்னேன், "சார், அந்தப் பொண்ணு சொன்னது உண்மையில்ல. தப்பு என்னோடது."

அவர் தலை நிமிரவே இல்லை. "தெரியும் சார். பழைய காப்பியில முந்தாநாள் தேதி எப்படி வரும்? உங்களைக் காப்பாத்த அந்தப் பிள்ளை பட்ட பாட்டைப் பாத்துத்தான் அஞ்சு மணி வரைக்கும் டயம் கொடுத்தேன்."