தனியாக வந்த பெண்ணுக்கு ஓர் அறை

மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஓட்டலைக் கட்டியவர் என் கணவரின் தாத்தா. ஊரில் பஞ்சாலைகள் ஓய்வில்லாமல் ஓடிய காலம் அது. பம்பாய்ப் பஞ்சு வியாபாரிகளும், ஆலையில் இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்காரர்களும் இங்கேதான் தங்கினார்கள். தேக்குப் படிக்கட்டு, ஆளுயரக் கண்ணாடி, கம்பிக்கதவு போட்ட லிஃப்ட் என்று எல்லாமே அன்றைக்குப் பெருமை. கூடவே ஒரு கட்டுப்பாடும் இருந்தது: தனியாக வரும் பெண்ணுக்கு அறை கிடையாது. ஆலைகள் மூடின, லிஃப்ட் நின்றது, இருபுறமும் செல்போன் கடைகள் வந்தன. அந்தக் கட்டுப்பாடு மட்டும் அசையவில்லை.

கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டதும், நான் கல்லாவில் உட்கார்ந்தேன். வருகிறவர்கள், “முதலாளி இல்லையாம்மா?” என்று என்னிடமே கேட்பார்கள்.

“நாந்தான், சொல்லுங்க” என்பேன்.

ஒருநாள் மத்தியானம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். புருஷன் பெரியாஸ்பத்திரியில் கிடக்க, இவர் வராந்தாவிலேயே படுத்திருந்திருக்கிறார்.

“ஒரு ரூம் வேணும்ணே. குளிச்சிட்டுச் சித்த கண்ணசந்துட்டுப் போயிருவேன்” என்றார் எங்கள் மேனேஜரிடம்.

“கூட யாரு வந்திருக்கா?”

“யாருமில்லண்ணே.”

“அப்ப முடியாதும்மா.”

அவர் சண்டை போடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் அதே மாதிரி வராந்தாவில் கிடந்தவள்தான். எழுந்துவிட்டேன்.

“நில்லுங்க” என்று சொல்லி, சாவியை எடுத்து நானே மாடிக்கு அழைத்துப் போனேன்.

இறங்கி வந்ததும் மேனேஜர் பிடித்துக்கொண்டார். “நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா போலீசு நம்மளத்தான் கேக்கும். பெரியவுக காலத்து வழக்கம்மா இது.”

“கேக்கட்டும்ணே. நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அந்த வாரமே அவர் வேலையை விட்டுப் போனார். சென்னையிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார்: “ஓட்டல் பேரு கெட்டுரும் அண்ணி.”

“பூட்டிப் போட்டா மட்டும் பேரு தங்குமா?” என்றேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு வாய் பாதிதான் திரும்பியிருந்தது. நெடுநேரம் முயன்று, “குடு” என்றார்.

தனியாக வரும் பெண்களுக்கென்று முதல் மாடியில் தெருப்பக்கத்து அறைகளுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். மாடிப்படிக்கு நல்ல வெளிச்சம் வைத்தேன். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் முகம் சுளித்துப் போனார்கள். அறைகள் காலியாகக் கிடந்த நாட்களும் உண்டு. ஆனாலும் மாற்றவில்லை. பரீட்சை எழுதுகிறவர்கள், கம்பெனி வேலையாக வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்று பெண்கள் ஒருவர் சொல்லி ஒருவராக வர ஆரம்பித்தார்கள்.

உசிலம்பட்டிக்காரம்மாவின் புருஷன் பிழைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்போது இருவரும் வந்து கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

இப்போது ஒத்தக்கடையிலிருந்து வரும் ஒரு பெண்தான் இங்கே மேனேஜர். நேற்று யாரோ அவளிடம் முதலாளி எங்கே என்று கேட்டார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் பக்கம் கையைக் காட்டினாள்.