ஒரு பக்கத்துக்கு மட்டும் பஞ்சு

பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். போன வருடம் எனக்குப் பழக்கமான ஒரு அக்கா அளவு கொடுக்க வந்தார். புற்றுநோய் ஆபரேஷனில் அவருடைய இடது மார்பை எடுத்திருந்தார்கள். "யாருக்கும் தெரியக் கூடாதும்மா. பார்த்தா ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்" என்றார். பருத்தித் துணியில் இலவம்பஞ்சை அடைத்து, எடைக்குக் கொஞ்சம் கடுகு வைத்து, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளும்படி மார்பு வடிவில் தைத்துக் கொடுத்தேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசினார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம். திடீரென்று அந்த அக்கா எழுந்து, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நான் தைத்ததை எடுத்தார். "கட்டி இருக்குதுன்னு தெரிஞ்சும் வெட்கப்பட்டுக்கினு சொல்லாம இருந்தேன். நீங்க அப்படி இருக்காதீங்கம்மா" என்று சொல்லி அதைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தார்.

அது கைமாறி என்னிடம் வந்தது. நான்தான் தைத்தேன் என்று சொல்லலாமா, கூடாதா? ஒன்றும் புரியாமல் அடுத்தவளிடம் தள்ளிவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும், "யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்களேக்கா?" என்று கேட்டேன்.

"எப்படி எழுந்து நின்னேன்னு எனக்கே தெரியலம்மா" என்றார்.

தைத்தது நான் என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் நர்ஸ் அதே ஆபரேஷன் ஆன நான்கு பேரின் அளவுகளை எழுதி அனுப்பினார். பெயர்கள் இல்லை. தைத்துக்கொண்டிருக்கிறேன். இதையும் தைப்பேன் என்று வாசல் போர்டில் எழுதினால் பெண்கள் தைரியமாக வருவார்களா, வராமலே போய்விடுவார்களா என்பதுதான் தெரியவில்லை.