தங்கைக்குச் சொந்தமான பாட்டு

சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெப்ரவரி மாதம். ஜேர்மனியில் நாங்கள் குடியிருக்கும் ஹம் நகரில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடி வீட்டில் இது நடந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறுகளில் நம்மவர்களின் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் ஒலியமைப்பு. சுருக்கமாகச் சொன்னால் சவுண்ட்காரன். எத்தனையோ பாட்டுக்கு மைக் வைத்திருக்கிறேன். ஒன்றையாவது ஒழுங்காகக் கேட்டிருக்கிறேனா என்றால் இல்லை. மேடையில் பாடுகிறவர் உருகிக்கொண்டிருப்பார், சபை கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும், நான் ஒலி அளவு சிவப்புக் கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். "கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்கிறியள்" என்று மனைவி கேலி செய்வாள். மறுத்ததில்லை.

எங்கள் கோயில் தேருக்கு வேடிக்கை பார்க்க வந்த ஒரு ஜேர்மன் பெண்மணிதான் என்னை இதற்குள் இழுத்தவர். பல்கலைக்கழக ஆய்வாளர். அயர்லாந்துக் கிராமங்களில் வழிவழியாகப் பாடப்பட்டு வந்த பாட்டுகளைச் சேகரிக்கிறார். அதற்கு அயர்லாந்துக்கல்லவா போக வேண்டும், ஹம்மில் என்ன வேலை என்று கேட்டேன். ஒரு காலத்தில் கட்டட வேலைக்கென்று இங்கே வந்து, இங்கேயே தங்கிவிட்ட ஐரிஷ்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த சில பாட்டுகள் ஊரிலேயே இப்போது இல்லை என்றார். அவரிடம் ஆர்வம் இருந்தது, நல்ல மைக் இல்லை. என்னிடம் நல்ல மைக் இருந்தது, ஆர்வம் இல்லை. ஓய்வான சனிக்கிழமைகளில் அவருடன் போகத் தொடங்கினேன்.

அவர்கள் பாடும் விதமே வேறு. தாளமில்லை, சுருதிப்பெட்டி இல்லை. கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் சில வேளை பாடுகிறவரின் கையைப் பிடித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருப்பார். கடைசி வரியைப் பாடமாட்டார்கள்; சாதாரணமாகப் பேசுவது போல் சொல்லிவிட்டு எழும்பிவிடுவார்கள். முதல் தடவை, மைக் இணைப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வயரைத் தட்டிப் பார்த்தேன்.

அந்தப் பெப்ரவரிச் சனிக்கிழமை நாங்கள் போனது கட்டட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐரிஷ் மேசன் வீட்டுக்கு. தனியாக இருக்கிறார். கதவைத் திறந்து கை கொடுத்த வேகத்திலேயே, அடுத்த வியாழக்கிழமை தனக்கு சத்திரசிகிச்சை என்றார். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுக்கப் போகிறார்கள். பல்லுப் பிடுங்க நாள் குறித்த ஒரு டெர்மின் இருக்கிறது என்பது போல்தான் சொன்னார். "அதனால் கேட்க வேண்டியதை இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார். கட்டடக்காரர்களின் ஜேர்மன், அரைவாசி எழுத்தை விழுங்கும் ஜேர்மன்.

குரல் கரகரத்தாலும் பாடினார். சட்டையில் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டேன். சரக்கு ரயில் வரும்போது நிறுத்தி, போனதும் தொடர்ந்தோம். மதியம்வரை அப்படியே போனது. பிறகு ஆய்வாளர், தான் எதற்காக வந்தாரோ அதைக் கேட்டார். மேசனின் ஊரார் பலர் அவரிடம் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். முழுதாக அந்த ஒரு வீட்டாருக்குத்தான் தெரியுமாம். மேசன் தலையை ஆட்டினார். தெரியும், ஆனால் பாடமாட்டேன் என்றார். அது அவர் பாட்டு இல்லையாம், தங்கையின் பாட்டாம்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அவருடைய ஊரில் பாட்டுக்கு ஆள் உண்டு. யார் பாட்டு எதுவென்று எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்போது, அவர் கேட்டுக்கொள்ளாமல் இன்னொருவர் அதைப் பாடமாட்டார். அவருடைய தாய், நாங்கள் பிள்ளைகளுக்குக் காணி பிரிப்பது போல, தன் பாட்டுகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அந்தப் பாட்டு தங்கையின் பங்கு.

தங்கை இருப்பது ஹனோவரில். அதைச் சொன்னதும் ஆய்வாளரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு முந்தைய மாரிக் குளிரில் ஹனோவரில் ஒரு ஐரிஷ் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். பாடுவதை எல்லாம் விட்டுவிட்டேன் என்று சொல்லி, வாசலிலேயே மரியாதையாகத் திருப்பி அனுப்பியவர். அதே பெண்தான்.

அண்ணனும் தங்கையும் பல ஆண்டுகளாகப் பேச்சில்லை. தாய் இறந்தபோது இவர் முதலில் ஊருக்குப் போய்விட்டார். தங்கையின் விமானம் தாமதம். அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் கூடியிருந்தபோது, அம்மாவின் பாட்டைப் பாடு என்று சனம் கேட்டிருக்கிறது. இவர் தங்கையின் பங்கான அந்தப் பாட்டையே பாடிவிட்டார். பாதிப் பாட்டில் தங்கை பெட்டியோடு வாசலில் வந்து நின்றாராம். பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"வியாழக்கிழமைக்குப் பிறகு உங்களால் முடியாதே" என்று ஆய்வாளர் கெஞ்சும் குரலில் சொன்னார்.

"குரல் போகப்போவது எனக்கு. அவளுக்கு இல்லையே" என்றார் மேசன்.

தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. தொண்டையை அறுக்கப் போகிறார்கள், உன் பாட்டைத் தா என்று கேட்டால் யாரால்தான் மாட்டேன் என்று சொல்ல முடியும், அது கேட்பதில்லை, பிடுங்குவது என்றார். தங்கையிடம் யாரும் பாட்டுக் கேட்டுப் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஆய்வாளர் முகம் செத்துப்போனது. ஏதோ அழைப்பு வர, எழும்பி மாடிப்படிக்குப் போய்விட்டார். மேசன் தேநீர் போட சமையலறைக்குப் போனார். சட்டையில் மைக் அப்படியே இருந்தது. என் காதில் ஹெட்போன் இருந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் சத்தத்தோடு அவர் குரலும் வந்தது. மெதுவாக, தனக்குத்தானே. எந்தப் பாட்டென்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன வாய் அதைத்தானே முணுமுணுக்கும். ஒரு சொல்லும் விளங்கவில்லை. நிறுத்து என்று மனம் சொன்னது, கை போகவில்லை. முதல் அடியிலிருந்து, பேசிச் சொன்ன கடைசி வரிவரை கேட்டேன். அளவுக் கோட்டைப் பார்க்க மறந்துபோனேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

அவர் கோப்பையோடு வந்து, மைக்கைக் கழற்றி என்னிடம் தந்தார். ஒன்றும் தெரியாதவர் முகம். நான் கருவியை அணைத்துப் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. ஆய்வாளர் தவமாய்த் தவமிருந்து தேடிய பொருள் என் பையில் கிடக்கிறது. கொடுத்தால் அவர் மகிழ்ச்சியில் துள்ளுவார். மேசனின் குரல் எப்போதைக்கும் இருக்கும். கொடுத்தால் அந்த மனிதர் கட்டிக் காத்த ஒரே பிடிவாதத்தை நான் உடைத்தவன் ஆவேன். மனைவியிடம் சொன்னேன். அவள் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்பவள். அந்த சத்திரசிகிச்சை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"நான் என்ன செய்யிறது? நீர் சொல்லும்" என்றேன். "உமக்குப் போட்டுக் காட்டட்டோ?"

"எனக்கு வேண்டாம்" என்றாள் உடனே. "இஞ்சாருங்கோ, தங்கச்சியிட்டைப் பாட்டுக் கேட்டுப் போக வேண்டாம் எண்டுதானே அந்த மனுசன் சொன்னவர்? நீங்கள் கேக்கப் போகேல்லை, குடுக்கப் போறியள். அவவின்ரை சாமான் அவவிட்டைப் போகட்டும்."

"அவ கதவைத் திறக்காட்டி?"

"திறக்காட்டித் திரும்பி வாங்கோ. சோறு மூடி வைக்கிறன்."

மறுநாள் ஞாயிறு. பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஹனோவருக்கு ரயில் ஏறினேன். போகும் வழியெல்லாம், ஏன் இந்த வேண்டாத வேலை என்றுதான் யோசித்தேன். எனக்கும் இந்தச் சண்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

தங்கை கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. அவர் மூடுவதற்குள், உங்கள் பாட்டு ஒன்று தவறுதலாக என்னிடம் வந்துவிட்டது, அதைத் தரத்தான் வந்தேன் என்றேன். நடந்ததைச் சொன்னேன், நோயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்ப்பதா, சுவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

முடிந்ததும் அவர் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இவனுக்கு மூச்சு ஏன் இப்படி இழுக்கிறது? தொண்டையில் என்ன?" என்று கேட்டார்.

அத்தனை ஆண்டு அந்தக் குரலைக் கேட்காதவர், கொதிக்கும் தண்ணீருக்கு நடுவிலும் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. புற்றுநோய், வியாழக்கிழமை குரல்வளையை எடுக்கிறார்கள் என்றேன். அவர் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். பிறகு, பதிவானது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் இதை அவனும் தரவில்லை, நானும் தரவில்லை, அழித்துவிடுங்கள் என்றார்.

நான் தயங்கினேன். இருபது வருடமாகக் கல்லுப் பிள்ளையாராக நின்றவனை அசைத்த ஒரே பதிவு அது. அவர் கையை நீட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை, காத்துக்கொண்டு நின்றார். அவர் பார்க்கப் பொத்தானை அழுத்தி அழித்தேன்.

அவர் உள்ளே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

திரும்பும் ரயிலில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று ஒருமுறை கேட்டார். தெரியவில்லை என்றேன். ஹம் நிலையத்தில் இறங்கியதும் பாணும் சூப்பும் வாங்கினார்.

மேசன் கதவைத் திறந்து, தங்கையைப் பார்த்து, அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தங்கை நேரே சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு ஏச்சுத் தொடங்கினார். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் என் அக்கா என் வீட்டுக்கு வந்தால் முதல் கால் மணித்தியாலம் இதே சத்தம்தான் கேட்கும். மேசன் நடுவில் ஏதோ சொன்னார், தங்கை அடக்கினார். அப்படியே கொஞ்சநேரம் போனது. நான் செய்த திருகுதாளத்தையும் இடையில் சொல்லியிருக்க வேண்டும். மேசன் என் பக்கம் திரும்பி, சட்டையில் மைக் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை.

சூப் குடித்து முடிந்ததும் தங்கை அண்ணனின் கையைப் பிடித்தார். சின்னதாக ஒரு வசனம் சொன்னார். மேசன் சூப் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு என்னிடம் ஜேர்மனில் சொன்னார்: "என்னைப் பாடச் சொல்கிறாள்."

பதியட்டுமா என்று கேட்டேன். அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை, அவனைக் கேள் என்பது போல் நாடியை உயர்த்தி அண்ணனைக் காட்டினார். அவர், போடு என்றார்.

முதல் நாள் சமையலறையில் கேட்டது இல்லை இது. குரல் நன்றாகக் களைத்திருந்தது. உயரப் போக வேண்டிய இடத்தில் ஏறவில்லை, உடைந்தது. தங்கை எடுத்துக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குத் தெரியாத வரியா? ஆனால் அவர் வாயே திறக்கவில்லை. கையை மட்டும் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தார். மேசன் மூச்சை இழுத்து மறுபடி தொடங்கினார். நடுவில் சரக்கு ரயில் வந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை. ரயிலோடு சேர்ந்தே பாடினார். கடைசி வரியை, அவர்கள் வழக்கப்படி, பேசிச் சொல்லி முடித்தார். தங்கை அப்போதுதான் அழுதார்.

ஆய்வாளரிடம் அந்தப் பதிவைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அழித்தது இதைவிட நன்றாக இருந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். தான் என்றால் அழித்திருப்பேனா தெரியாது என்றார்.

சேகரிப்பில் அந்தப் பாட்டின் சொந்தக்காரர் என்று யார் பெயரைப் போடுவது என்று பின்னர் தங்கையிடம் கேட்டாராம். அண்ணன் பெயரைப் போடுங்கள், அன்றைக்கே கொடுத்துவிட்டேன் என்றாராம் அவர். மேசனின் குரல் போய்விட்டது. கழுத்துத் துளையால் மூச்சு விடுகிறார். தங்கை ஹனோவரிலிருந்து அடிக்கடி வருகிறார். நானும் மனைவியும் ஒருநாள் தோசை கொண்டு போனபோது பார்த்தேன்: சாப்பிட்டு முடிந்ததும் மேசன் தங்கையைப் பார்த்துக் கண்ணால் கேட்டார், அவர் பாடினார். அண்ணன் கேட்காத நாளில் தங்கை பாடுவதில்லையாம். பாட்டு இப்போது அண்ணனுடையது, அண்ணன் உயிரோடு இருக்கிறாரே.

இப்போதெல்லாம் பதிவுப் பொத்தானில் விரல் வைக்கும் முன் பாடுகிறவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அழித்த அந்தப் பதிவை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் திரும்ப என் கையில் அது வந்தாலும் அதே ரயிலைத்தான் பிடிப்பேன்.