மடி நிறையப் பைகள்

மறுநாள் மருத்துவக் கல்லூரியில் பேத்தாலஜி தேர்வு. முருகனைப் பார்த்தே ஆக வேண்டுமென்று தோழிகள் இருவரும் இழுத்ததால், சென்னிமலை பஸ்ஸில் கம்பியில் சாய்ந்து படித்துக்கொண்டே நின்றேன். உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்கள் பைகளை வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டார். யார் வந்து நின்றாலும் கை நீட்டினார். கடைசியில் பைகளுக்கு மேல் மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

“அம்மணி, அந்தப் புஸ்தகத்தையும் குடுங்க.”

“நாளைக்குப் பரீட்சைங்க. ஃபெயிலானா தோழிகளெல்லாம் முன்னால போயிருவாங்க.”

“கோயிலுக்குப் போற வழியிலயும் நீங்களே படிச்சுப்போட்டா, முருகனுக்கு என்னதானுங்க வேலை?”

தோழிகள் சிரித்தார்கள். கொடுத்துவிட்டேன். மலையடிவாரம் வரை மூவரும் ஓயாமல் பேசினோம்.

இறங்கும்போது புத்தகத்தைத் தந்தார். நான் படித்த பக்கத்தில் அவர் விரல் அப்படியே இருந்தது.

“இங்கதானுங்க உட்டீங்க.”

தேர்வில் தேறிவிட்டேன். அத்தனை பைகளோடு அவர் எந்தக் கையால் டிக்கெட் வாங்கினார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.