பூசை நாளில் கழுவிய சுவர்

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், எட்டு வயதில் கிடைத்ததைத்தான் கொடுப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்த புதிது. பிளாக்டவுனுக்கு அப்பால் ஒரு பழைய மாளிகை வளவு இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டாளம் அதை எடுத்து, தோட்டமெல்லாம் கொங்கிறீட் கட்டிடங்களும் பதுங்குகுழிகளுமாக நிரப்பிவிட்டுப் போயிருந்தது. அவற்றை இடிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, படம் பிடித்து வைப்பது அப்பாவின் வேலை. வளவிலேயே தோட்டக்காரனுக்கென்று கட்டிய சின்ன வீட்டில் குடியிருந்தோம். "ஊரில வீடு கட்டுறதுக்குக் கீறின மனுசன், இஞ்ச இடிக்கிறதுக்குக் கீறுது" என்று அம்மா பகிடி பண்ணுவார்.

கடைசியாக மிஞ்சியது ஒரு பதுங்குகுழி. அதன் வெள்ளையடித்த சுவரில் பட்டாளத்துப் பெடியள் பென்சிலால் தங்கள் பெயர்களை எழுதியிருந்தார்கள். ஒருவன் ஊர்ப்பெயரையும் சேர்த்திருந்தான். அப்பா டெலிபோன் புத்தகத்தில் தேடி அவனுடைய அக்காவைக் கண்டுபிடித்துவிட்டார். தம்பி நியூகினிச் சண்டைக்குப் போனவன், திரும்பவில்லை. அவன் கையெழுத்தென்று வீட்டில் ஒரு துண்டுகூட இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை வந்து சுவரைப் பார்ப்பதாக அந்த அக்கா சொன்னார். இதெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டது. என் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை சரஸ்வதி பூசை. அம்மா கதிரையில் சேலை விரித்துச் சரஸ்வதி படத்தை வைத்து, என் புத்தகங்களோடு அப்பாவின் அளவு நாடா, பென்சில், கமெரா எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். கமெராவுக்குப் புதுப் படச்சுருள் முதல்நாள்தான் வாங்கி வந்திருந்தார் அப்பா.

"கமெராவை மட்டும் தாருமன், அந்தச் சுவரை எடுத்துப்போட்டு ஓடி வாறன்" என்று கெஞ்சினார்.

"பூசையில வைச்சதைத் தொடக்கூடாது. நாளைக்கு எடுங்கோ. சுவர் என்ன ஓடியா போகப்போகுது?"

சுவர் ஓடவில்லை. நான்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வேலை செய்கிற இடம் துப்புரவாக இருந்தால்தான் சரஸ்வதி வருவா என்று அம்மா காலையில் சொல்லியிருந்தார். வீட்டைக் கூட்டியாயிற்று, அப்பா வேலை செய்யும் இடத்தை யார் பார்ப்பது? பதுங்குகுழியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சுவரெல்லாம் கிறுக்கல். பள்ளிக்கூடச் சுவரில் என் பெயரை எழுதியதற்கு முந்தின மாதம்தான் தண்டனை வாங்கியிருந்தேன். சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். எட்டாத இடத்துக்கு வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றேன். எந்த வேலையையும் அரைகுறையாக விடாத பிள்ளை நான். அந்த ஒரு நாளாவது சோம்பேறியாக இருந்து தொலைத்திருக்கலாம்.

மறுநாள் அந்தப் பெண்மணி தொப்பியும் கையுறையுமாக வந்தார். அப்பா டோர்ச் அடித்தார். வெளிச்சம் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்தப் பெண்மணி ஒரு கையுறையைக் கழற்றி, ஈரம் காயாத சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதற்குமேல் பொறுக்க முடியாமல், எல்லாவற்றையும் நான்தான் கழுவினேன் என்று இங்கிலீசில் பெருமையாகச் சொன்னேன்.

அப்பா டோர்ச்சைத் தாழ்த்தினார். "பிள்ளை..." என்றார்.

அந்தப் பெண்மணி என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு, சுவரில் வைத்த அதே கையால் என் தலையைத் தடவி, "குட் கேர்ள்" என்றார். கண் கலங்கியிருந்தது. சவுக்கார நெடியாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போனேன். "அம்மா, அந்த அன்ரி என்னை நல்ல பிள்ளை எண்டு சொன்னவ!"

அம்மா நம்பாததுபோல் சிரித்தார். அப்பாவும் வந்து சொன்னால் நம்புவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.