நகத்தால் தட்டிய தீனித்தட்டு

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் கடைசித் தம்பி மனைவி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பறவை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சொந்தமாக அவள் பார்த்த முதல் வேலை. ஆறு பிள்ளைகளில் மூத்தவளாகப் பிறந்து ஐந்து பேருக்கு ஊட்டி வளர்த்த கை. சாப்பிடாத வாயைக் கண்டால் சும்மா இருக்காது.

அங்கே வாரா வாரம் புதிதாக, பிறந்து நான்கே நாளான கோழிக்குஞ்சுகள் தனித்தனிக் கூண்டில் இருக்கும். மூளையில் சுரக்கும் ஹார்மோன் ஒன்றை டாக்டரம்மா குஞ்சின் தலைக்குள் துளியளவு ஊசியால் செலுத்துவார். நமக்குப் பசியைக் கிளப்புகிற அதே ஹார்மோன் குஞ்சுக்குப் பசியை அடக்கிவிடுமாம். பாதிக் குஞ்சுகளுக்கு அது, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். அரை மணிக்கொரு தரம் தீனித்தட்டை எடை போட்டு எழுதுவது இவள் வேலை.

மூன்று வாரமாகியும் இரண்டு வரிசையும் ஒன்றுபோலவே தின்றன. ஹார்மோன் கெட்டுப்போய்விட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஆராய்ச்சியை நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். காரணம் இவளுக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மாவின் ஒரு வருஷ உழைப்பு சாக்கடைக்குப் போகும்.

"மேடம், மருந்துல கோளாறு இல்ல. என் விரல்லதான். பட்டினியா நிக்குதேன்னு மனசு கேக்கல. தாய்க்கோழி கொத்துற மாதிரி தட்டுல நகத்தால தட்டினேன். ஓடி வந்து தின்னுச்சுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுங்க பட்டினி கிடக்கலம்மா. அதுங்களுக்குப் பசியே இல்ல. நாளைக்கு வாங்க, ஆனா கை மடியிலயே இருக்கணும்."

வீட்டில் என் கொழுந்தன் தன் தொப்பையைத் தடவிக்கொண்டு, "என்னைப் பார்த்தாவது ஊட்டுறத நிறுத்தியிருக்கலாம்ல?" என்றான்.

மறுநாள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிரசவமே தேவலை என்று பிறகு என்னிடம் சொன்னாள். உப்புத் தண்ணீர் வரிசை மளமளவென்று கொத்தியது. ஹார்மோன் வரிசைக் குஞ்சுகளோ தீனியை மிதித்துக்கொண்டு கண் சொக்கி நின்றன. எடையைப் பார்த்த டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு அடுத்த வாரத்துக் குஞ்சுகளுக்கும் இவள் பெயரையே எழுதினார்.

ஊசி போட்ட மூன்றாவது மணி நேரத்தில், மருந்தின் வேகம் குறைந்து, அந்த வரிசையில் ஒரு குஞ்சு உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு தானாகவே தட்டுக்குப் போனது. பின்னாலேயே பக்கத்துக் கூண்டுகளிலும் கொத்துகிற சத்தம் கேட்டது. தட்டை எடை போட்டாள், இரண்டு கிராம் குறைந்திருந்தது. எழுதிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.